சுண்ணாம்புக்குள் ஒரு கடல்!

அரியலூரில் கடல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. என்ன... தண்ணீர் மட்டும்தான் இல்லை!

இன்றைய கடற்கரை அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே. ஆனால் ஏறக்குறைய 11 கோடி வருஷத்துக்கு முன்னால் வங்கக் கடலின் முப்பாட்டன் ஒருத்தர் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக்குள் வந்து உட்கார்ந்தார். நடுவில் பின்வாங்குவதும் திரும்பி வருவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஊருக்குப் போகும்போது சீப்பு, துண்டு என்று எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போவாரில்லையா? கடலும் அப்படித்தான். சிப்பி, நத்தை, சுறாப் பல், பவளம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் நாம் இப்போது மூட்டை மூட்டையாகக் கட்டி, '50 கிலோ' என்று முத்திரை குத்தி, வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் அரியலூர் போனது ஒரு கல்யாணத்துக்கு. முகூர்த்தம் காலை ஆறு டு ஏழரை. எட்டரைக்கெல்லாம் பந்தியில் பாயசம் வந்துவிட்டது. திரும்பும் ரயில் சாயங்காலம். நடுவில் இருக்கும் பொழுதை மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டுவதா என்று விழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி கேட்டார்.

"சார், சும்மாதானே இருக்கீங்க? வாங்க, கடலுக்குப் போயிட்டு வரலாம்."

அவர் ஓய்வுபெற்ற ஜியாலஜி வாத்தியார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் முறை. அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டோ வந்தது. டிரைவர் தம்பிக்கு வாத்தியாரிடம் படித்தவன் என்ற பெருமை. "நான் பெயிலுங்க சார். ஆனா கல்லு எல்லாம் தெரியும்" என்றான்.

கல்லில் செய்த சிப்பி

முதலில் கல்லங்குறிச்சி. அங்கே கலியுக வரதராஜப் பெருமாள் கம்பமாக நின்று அருள் பாலிக்கிறார். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாள் அரியலூரில் ஏன் நிற்கிறார் என்று கேட்டால், சுற்றிலும் தோண்டிப் பாருங்கள் என்பேன். ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் உள்ளங்கை அகலத்துக்குக் கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. 'மைன்ஸ்' உள்ளே அனுமதி இல்லாமல் போக முடியாது. ரோட்டோரம் நின்றே பார்த்தேன். பிரம்மாண்டமான படிக்கட்டுக் குளம் மாதிரி ஒரு பள்ளம். அடியில் டாரஸ் லாரிகள் தீப்பெட்டி போல ஊர்கின்றன. ஒரு டன் சிமெண்டுக்கு சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டுமாம். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் வீட்டு ஹாலில் எத்தனை சிப்பிக் குடும்பங்கள் இருக்கின்றனவோ!

அங்கிருந்து மேற்கே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. இப்படி ஒரு நிலத்தை நான் தமிழ்நாட்டில் எங்கும் பார்த்ததில்லை. மழை அரித்து அரித்துக் களிமண் மேடெல்லாம் சுருக்கம் விழுந்த கிழவியின் கன்னம் மாதிரி கிடக்கிறது. ஒரு புல் இல்லை. காலடியில் துப்பாக்கித் தோட்டா போலக் கூராகக் கற்கள். "இது என்ன, சண்டை ஏதாச்சும் நடந்துதா?" என்றேன். "கணவாய் மீனோட பங்காளி சார். உடம்பு கரைஞ்சு போச்சு, உள்ளே இருந்த ஓடு மட்டும் கல்லாயிடுச்சு" என்றார் வாத்தியார்.

கொஞ்சம் தள்ளி சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம், கல்லாகவே படுத்திருக்கிறது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மரம். கரையிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்டு, கடலடி மணலில் புதைந்ததாம்.

இந்தக் கற்களையெல்லாம் படித்தவர்களில் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரரின் அறிக்கை 1862-ல் வந்தது. ஸ்டோலிச்கா என்று இன்னொருவர். இன்றைய செக் நாட்டில் 1838-ல் பிறந்து, கல்கத்தாவில் வேலை பார்த்து, தென்னிந்தியாவின் இந்தக் கடல் பிராணிகளைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர். 1873-ல் இந்தப் பகுதியின் பவளங்களுக்கென்றே ஒரு பகுதி வெளியிட்டார். அடுத்த வருஷமே லடாக்கில், மலை உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், 36 வயதில் இறந்துபோனார். கடலடிப் பிராணிகளைப் படித்தவருக்கு எமன் மலை உச்சியில் காத்திருந்தான்!

பவளம் என்றதும் எனக்குக் காது நீண்டது. காரணம் இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு நோயாளி

என் மனைவியின் அக்கா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மற்றவர்கள் வீட்டில் டி.வி. இருக்கும் இடத்தில் அவன் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறான். நாலடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், நீல விளக்கு, உயிருள்ள பவளங்கள். அவற்றை ஆபீஸ் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போகாத குறை.

ஒரு ராத்திரி போன்.

"சித்தப்பா, என் பவளம் வெளுத்துப் போச்சு!"

"செவ்வாய்க்கு மோதிரம் போட்டியேடா, அதுவா? சாயக்கல்லா இருக்கும்."

"அய்யோ, அது வேற பவளம் சித்தப்பா!"

உண்மைதான். மோதிரத்துச் சிவப்புப் பவளம் ஆழ்கடல் சமாச்சாரம். இவன் சொல்வது பவளப் பாறை கட்டும் பவளம். பார்த்தால் செடி மாதிரி, தொட்டால் கல் மாதிரி, உண்மையில் பிராணி! குண்டூசித் தலையளவு முதல் சாசர் அளவு வரை சின்னச் சின்ன உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றிக் குட்டிக் கைகள். கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தனக்குத் தானே வீடு கட்டிக்கொள்ளும். பேங்க் லோன் கிடையாது.

இந்தப் பிராணியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைக்கும் வேலை பாசியுடையது. வீட்டுக்காரருக்கு வேண்டிய சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் இந்தக் குடித்தனக்காரர் போடுவதுதான். பவளத்தின் நிறத்திலும் பெரும் பங்கு பாசியுடையது. தண்ணீர் சூடாகிவிட்டால், கூட வெளிச்சமும் அதிகமானால், பாசியின் சமையல் கெட்டு விஷமாகிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் குடித்தனக்காரரைக் காலி பண்ணுகிறார். சதை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. அதற்குப் பெயர்தான் வெளுப்பு.

"செத்துப் போச்சாடா?"

"இல்லை சித்தப்பா. பட்டினி. கொஞ்ச நாள் தாங்கும். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிக்கணும்."

நாடி பார்க்கும் விதம்

பவளத்துக்கு நாக்கை நீட்டச் சொல்ல முடியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் முடியாது. ஆனால் உடம்பில் சொல்லும். முழுக்க ஒரே சீராக வெளுத்தால் சூடு அல்லது வெளிச்சம். வெளுக்காமல் பழுப்பேறினால் தண்ணீரில் கழிவுச் சத்து கூடிவிட்டது, அல்லது வெளிச்சம் போதவில்லை. அடியிலிருந்து சதை உரிந்துகொண்டு மேலே ஏறினால் தண்ணீரின் காரத்தன்மை ஆடுகிறது, அல்லது நோய், பூச்சி. வாயை 'ஆ'வென்று பிளந்து கிடந்தால் நெருக்கடி. கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு பல நாள் வெளியே காட்டாமல் இருந்தால் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி.

அவன் வரிசையாகப் பார்த்தான். முதலில் தெர்மாமீட்டர். தொட்டிக்கு 25, 26 டிகிரி இருக்க வேண்டும். இருந்தது 31! பினாங்குக்கு மூன்று நாள் போய் வந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷினின் காற்றாடி தூசி அடைத்து நின்றுவிட்டது. காரணம் கிடைத்தாலும் அவன் மற்றதையும் விடவில்லை. உப்பு சரி. நீரோட்டம் சரி. காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் மூன்றையும் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து அளந்தான். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், பழுதில்லை.

அடுத்தது வைத்தியம். இங்கேதான் என்னை ஆச்சரியப்படுத்தினான். நானாக இருந்தால் ஐஸ்கட்டியை வாங்கிக் கொட்டியிருப்பேன். அவன் மெஷினைத் துடைத்துப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம்தான் இறக்கினான்.

"சூடு ஒரு அதிர்ச்சி சித்தப்பா. சட்டுனு குளிர வச்சா அது ரெண்டாவது அதிர்ச்சி. பவளம் சாகறது பாதி நேரம் வியாதியால இல்லை, வைத்தியத்தால!"

விளக்கைப் பாதியாகக் குறைத்தான். குடித்தனக்காரர் இல்லாத வீட்டில் வெளிச்சம் எதற்கு? பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், அதே சூடு, அதே உப்பு பார்த்து மாற்றினான். ராத்திரி விளக்கணைந்த பிறகு பவளம் கைகளை நீட்டும் நேரத்தில், அப்போதுதான் பொரித்த பொடி இறால் குஞ்சுகளைக் குழாய் வைத்து ஊட்டினான். பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி! ஒரே நாளில் ஐந்து மருந்து ஊற்றவில்லை. ஒன்றை மாற்றினால் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்தது.

இன்னொன்றும் செய்தான். தொட்டியில் தினமும் ஏதோ வெள்ளைத் தெளிநீர் சொட்டுச் சொட்டாக விழும். அதைக் குறைத்தான்.

"அது என்னடா?"

"கால்க்வாசர் சித்தப்பா. ஜெர்மன் பேரு."

"அப்படின்னா?"

"சுண்ணாம்புத் தண்ணி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆறாங்கிளாஸில் குழல் வைத்து ஊதி, பால் மாதிரி வெளுத்ததும் வாத்தியார் "பார்த்தியா, கரியமில வாயு!" என்பாரே, அதே சுண்ணாம்புத் தண்ணீர்! பவளம் வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டுமல்லவா? தொட்டியில் எடுத்தது தீர்ந்துபோகும். அதனால் கலக்கித் தெளிய வைத்து, தெளிந்ததை மட்டும் சொட்ட விடுகிறார்கள். காரம் கடுமை, மொத்தமாக ஊற்றினால் அத்தனையும் காலி. படுத்த படுக்கையாக இருக்கும் பவளம் வீடு கட்டாது. கட்டாதபோது சுண்ணாம்பை அதே அளவு விட்டால் தண்ணீரின் காரம் ஏறிவிடும். காய்ச்சல்காரனுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்ட மாதிரி. அதனால்தான் குறைத்தான். (வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கி யாரும் முயற்சி பண்ண வேண்டாம். அதற்குக் கலப்படமில்லாத சுத்தச் சரக்கு வேண்டும்.)

ஆறு வாரம் போனது. தொட்டியில் இரண்டு நோயாளிகள். ஒன்று மூளைப் பவளம். மடிப்பு மடிப்பாக, கனமாக, குண்டாக இருக்கும். அதன் ஓரத்தில் மெல்ல மெல்லப் பச்சையும் பழுப்பும் திரும்பியது. புதுக் குடித்தனக்காரர் வந்துவிட்டார்! இன்னொன்று மான்கொம்புப் பவளம். கிளை கிளையாக, அழகாக, வேகமாக வளர்வது. அது பிழைக்கவில்லை. நூல் போலப் பாசி மூடிவிட்டது. ஒரே ஒரு நுனியில் மட்டும் உயிர் இருந்தது. அந்த நுனியை விரல் நீளத்துக்கு வெட்டி, வேறு கல்லில் ஒட்டி வைத்திருக்கிறான்.

இந்தியாவில் இந்த விளையாட்டே கூடாது, தெரியுமோ? 2001-ல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. ராமேஸ்வரம் போய் அழகாக இருக்கிறதே என்று ஒரு துண்டைப் பையில் போட்டால், மாமியார் வீட்டு விருந்துதான்!

பெரிய தொட்டி

இதையெல்லாம் ஆட்டோவில் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் ஜோல்னாப் பையிலிருந்து கைக்கடக்கமாக ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்து நீட்டினார். வெட்டி வழவழப்பாக்கிய முகத்தில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் உட்கார்ந்திருந்த அறை. பதினொரு கோடி வருஷத்து வீட்டு பிளான்.

"கல்லக்குடி கல்லு சார். டால்மியாபுரம் சுரங்கத்துல பவளமும் பாசியும் சேர்ந்து கட்டின பாறையே இருக்கு. நான் வேலையில சேர்ந்த புதுசுல பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப எடுத்தது."

கல்லக்குடி என்றால் நமக்கு 1953-ம் வருஷமும், பெயர் மாற்றக் கோரித் தண்டவாளத்தில் தலை வைத்த கருணாநிதியும்தான் ஞாபகம் வரும். அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பூமியில் பவளப் பாறை இருந்தது என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

"அந்த இடம் இப்பவும் இருக்கா சார்?" என்றேன்.

"கொஞ்சம் இருக்கு. மத்தது..." என்று ரோட்டில் போன சிமெண்டு லாரியைக் கை காட்டினார்.

அவரைக் கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தம்பி மகனே சிமெண்டு பாக்டரியில்தான் வேலை பார்க்கிறான். இந்தக் கல் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துப் பாதிப் பேருக்கு அடுப்பு எரியாது. அதுவும் அவருக்குத் தெரியும். "தோண்ட வேணாம்னு சொல்லலை சார். பத்து ஏக்கர், இருபது ஏக்கர்னு நல்ல இடமாப் பார்த்து விட்டு வைக்கலாமில்ல?" என்றார். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பதில் அவருக்குச் சந்தோஷம். "ஆனா அலமாரியில இருக்கிறது போட்டோ மாதிரி. தரையில இருக்கிறதுதான் ஆளு."

அப்புறம் அவர் சொன்ன கணக்குதான் எனக்கு ரயில் ஏறும் வரை வயிற்றைக் கலக்கியது.

பவளமும் சிப்பியும் சுண்ணாம்புக்கல் ஆனது. அதைச் சூளையில் சுட்டால் உள்ளே பூட்டி வைத்திருந்த கரியமில வாயு வெளியே வருகிறது. சுட எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. உலகம் முழுக்க மனுஷன் விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுக் கணக்கு. மீதி நம் கார், கரண்ட் வகையறா. அந்த வாயு பூமியைச் சூடாக்குகிறது, கடலைச் சூடாக்குகிறது. கடல் அதைக் குடித்துக் குடித்துக் காரத்தன்மை குறைகிறது. விளைவு, உயிரோடு இருக்கும் பவளம் வெளுக்கிறது. அதாவது, செத்த பவளத்தைச் சுட்டால் இருக்கிற பவளத்துக்குக் காய்ச்சல் வருகிறது!

நம்முடைய பெரிய தொட்டி மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்கா ஆனது. சுண்ணாம்புக்காகவும் பாக்டரிகளுக்காகவும் அங்கே பல வருஷம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். இரண்டு தீவுகள், விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், தண்ணீருக்குள் போய்விட்டன. 2004 சுனாமிக்குப் பிறகுதான் பாறை நமக்கு மதில் சுவர் என்று புரிந்து, வெட்டுவது அடங்கியது. ஆனால் சூட்டை யார் அடக்குவது? 1998, 2010, 2016 என்று பெரிய வெளுப்புகள். 2016 கோடைக்கு முன் சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு, பிறகு சுமார் 23 சதவீதம் ஆனது என்று தூத்துக்குடியின் கடல்வள ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து சொன்னார்கள். அங்கேயும் மான்கொம்பு ஜாதிதான் முதலில் போயிற்று. குண்டுப் பவளங்கள் தாக்குப் பிடித்தன. 2024 ஏப்ரலில், உலகம் பூராவும் நாலாவது முறையாக வெளுப்பு நடக்கிறது என்று அமெரிக்கக் கடலாராய்ச்சித் துறை அறிவித்தது.

இந்தத் தொட்டிக்குக் குளிர்மெஷின் கிடையாது. விளக்கைப் பாதியாகக் குறைக்க முடியாது. இறால் குஞ்சு ஊட்ட ஆள் இல்லை. செய்ய முடிந்தது ஒன்று, செய்கிறார்கள். சூட்டில் பிழைத்த பவளத்தில் விரல் நீளத் துண்டு எடுத்து, சின்னப் பலகையில் கட்டி, கடலடியில் சட்டங்களின் மேல் நட்டு வைக்கிறார்கள். சிங்கப்பூர் பையன் செய்த அதே வைத்தியம். பலகையும் சட்டமும் எதனால் செய்தது என்கிறீர்கள்? சிமெண்டு!

அதைக் கேட்டதும் வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நம்ம ஊர்க் கல்லு கொஞ்சமாவது கடலுக்கே திரும்பிப் போகுதுன்னு வச்சுக்கலாம்" என்றார். டிரைவர் தம்பிதான் குறுக்கே வந்தான். "போறது ஒரு பலகை சார். வர்றது எத்தினி லோடு?" பெயிலானவனாம்!

நீங்களும் போய் வாருங்கள். சென்னை, திருச்சி கார்டு லைனில் பகல் ரயில் நிறைய. மழை விட்ட மார்கழி நல்லது. காரையில் தொப்பியும் தண்ணீரும் அவசியம், நிழல் என்று ஒரு குடையளவுகூடக் கிடையாது. கல்லைத் தொட்டுப் பாருங்கள், போட்டோ எடுங்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆளுக்கொரு சிப்பி என்று பையில் போட்டால், லாரிக்கு வேலை மிச்சம்.

சிங்கப்பூரிலிருந்து நேற்று போட்டோ வந்தது. ஒட்டி வைத்த விரல் நீளத் துண்டின் நுனியில் கடுகளவுக்கு ஒரு புது வெள்ளை முளை. இந்த வெள்ளை வெளுப்பில்லையாம், வளர்ச்சியாம். "ஏழு மாசத்துல அரை அங்குலம் சித்தப்பா!" என்று எழுதியிருந்தான். அரை அங்குலத்துக்கு ஏழு மாதம். கல்லங்குறிச்சிப் பள்ளத்தில் லாரி ஒரு லோடு ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றைக்கு நான் வாட்ச்சில் பார்த்திருந்தேன். பன்னிரண்டு நிமிஷம்.